கனகாவுக்கு

அன்புள்ள கனகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்திருக்கிறான்.

மகளைப் பற்றி நீ எழுதியதுதான் மனசிலேயே நிற்கிறது. ஒன்பதாவது போனதிலிருந்து உன் பேச்சு அவள் காதில் ஏறுவதில்லை, நான் நல்ல அம்மா இல்லையோ என்று கேட்டிருக்கிறாய். பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலை என்பதால் சொல்கிறேன், இப்படி மொத்தமாகக் கேட்டால் ஒருவர் வீம்புக்கு ‘எனக்கென்ன குறை’ என்பார், இன்னொருவர் அழுதுவிடுவார். இரண்டிலும் நமக்கு ஒன்றும் தெரியவராது.

ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு அளப்பதற்கு, ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 2006-ல் ஒரு வழிகாட்டி எழுதினார். ‘செய்வீர்களா’ என்று கேட்காமல் ‘உங்களால் முடியுமா’ என்று கேட்க வேண்டும். அதையும் ஒவ்வொரு காரியமாக, சுலபமானதும் கஷ்டமானதும் கலந்து கேட்டு, 0 முதல் 100 வரை போடச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் நானும் தமிழில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு அப்பா வந்தார். படிப்பைக் கவனிக்க 90, செலவுக்குக் கணக்குக் கேட்க 100 என்று மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தார். ‘பையன் தப்புச் செய்தால், வேறு யாரும் சொல்வதற்கு முன் அவனே உங்களிடம் வந்து சொல்லும்படி பழக முடியுமா?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் யோசித்து 20 போட்டார். அப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் அந்த 20-ஐப் பற்றித்தான். கூட்டிச் சராசரி போட்டிருந்தால் நல்ல மார்க்கோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

1978-ல் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதிய 17 கேள்வித் தாள் ஒன்றும் உண்டு. வயசுப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ஆனாலும் பெற்றோராக இருப்பதில் மனநிறைவு எவ்வளவு, செய்யத் தெரியும் என்ற தைரியம் எவ்வளவு என்று அது பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். உனக்குக் குறைந்திருப்பது மனநிறைவுதான் என்று படுகிறது. ராத்திரி பத்துக்கு மேல் போன் ஹாலில்தான் இருக்கும் என்று நீ வைத்த சட்டம் இன்றைக்கும் நடக்கிறதே! கையாலாகாதவளால் அது முடியுமா?

தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒன்று போடு, உன் வீட்டுக்காரர் தனியாக ஒன்று போடட்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்க வேண்டாம். எந்தக் கேள்வியில் ரொம்ப வித்தியாசம் வருகிறதோ, அதை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
மல்லிகா