ட்ரைபாட், மடக்கு நாற்காலி: எடுத்து வரலாமா, வேண்டாமா?

எல்லாருக்கும் வணக்கம். நம் மலையேற்றத்துக்கு ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி), மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்து வரலாமா என்ற கேள்விதான் இரண்டு நாளாகக் குழுவில் ஓடுகிறது, அதனால் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். போன மலையேற்றத்தில் ஒன்றரைக் கிலோ ட்ரைபாடை நான்கு நாள் சுமந்தேன், விரித்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஈரக் காலுறை காயப்போட! நட்சத்திரங்களைப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு மட்டும் அது உண்மையிலேயே தேவை, ஏனென்றால் 15, 20 விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைக் கையில் ஆடாமல் பிடிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான்கு பேருக்கு ஒன்று போதும், யார் கொண்டு வருகிறீர்கள் என்று இங்கேயே பேசிக்கொள்ளுங்கள்.

நாற்காலி வேண்டவே வேண்டாம், பாறை இருக்கிறது.

ஆனால் தரையில் விரிக்கும் ஃபோம் பாய் இடத்தை அடைக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்பின் எடையில் அதன் அடிப்பக்கம் நசுங்கி, உள்ளே சூட்டைக் காக்கும் காற்று நிற்காமல் போய், தரை நம் சூட்டை இழுத்துக்கொள்ளும். பாயை முதுகுப்பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம், எடையும் அதிகமில்லை.

அப்புறம் பவர் பேங்க். விமானத்தில் வருபவர்கள் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது. பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணிதான், சரி. இன்னும் குழப்பம் இருந்தால் பையை நிரப்பிப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.