பீடத்தின் கீழ் ஒரு நிலக்கிழார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் நில வழக்குகள் பற்றிய செய்திகளில், ‘சாமி பேரில் பட்டா இருப்பது உலகிலேயே நம் நாட்டில்தான்’ என்று ஒரு வரி அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. இது சரியல்ல. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவ மடத்து நிலத்தின் உடைமையாளராகக் கருதப்பட்டவர், அந்த மடத்துக் கோயிலின் பலிபீடத்தின் கீழே எலும்பாய்க் கிடந்த புனிதர்தான். 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில், சஃபோக் ஊர்கள் பலவற்றுக்கு ‘புனித எட்மண்ட் வைத்திருந்தார்’ என்றே பதிவு. அவர் இறந்து அப்போதே 200 ஆண்டுகள் தாண்டியிருந்தன.

910-இல் அக்கித்தேன் பிரபு வில்லியம், குளூனி மடத்துக்கான நிலத்தைப் பேதுருவுக்கும் பவுலுக்கும் எழுதிவைத்தார். துறவிகள் அதை வைத்து ஆண்டுகொள்ளலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரோமில் விளக்கெரிக்க 10 சொலிதுஸ் காசு செலுத்த வேண்டும். அரசர், ஆயர், ஏன், போப்பாண்டவரே ஆனாலும் சொத்தில் கைவைக்கக் கூடாது. மீறினால் சொர்க்கத்தின் சாவியை வைத்திருக்கும் பேதுருவே எதிராளி.

நிலம் கொடுப்பவர், அந்த நிலத்து மண்கட்டியையோ ஒரு கத்தியையோ பீடத்தின்மேல் வைப்பதும் உண்டு. வாங்குபவர் அங்கேதானே இருக்கிறார்! சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிலம் சண்டேசுவரர் பேரில் கைமாறுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

வியப்பு அடுத்ததில்தான். உடைமையாளரான புனிதர் உயிரோடு இருப்பவராகவே கருதப்பட்டார் என்றால், சொத்தைக் காப்பதும் அவர் கடமை. பக்கத்துப் பிரபு நிலத்தைப் பிடுங்கினால் துறவிகள் முறையீட்டுச் சடங்கு நடத்துவார்கள். திருப்பலியின் நடுவே, பீடத்தின் முன் தரையில் முரட்டுத்துணி விரித்து, சிலுவை, நற்செய்தி நூல், புனிதரின் எலும்புப்பேழை எல்லாவற்றையும் அதன்மேல் இறக்கிவைப்பார்கள். துறவிகள் குப்புற விழுந்து திருப்பாடல் பாட, குரு மட்டும் நின்று முறையீட்டை உரக்கச் சொல்வார். சில இடங்களில் பேழைமேல் முள்ளும் போடுவார்கள். பேழை தரையில் கிடக்க, வழிபாடு நின்றுபோனால் ஊரே பிரபுமேல் பாயும். சடங்கின் வலு அதில்தான் இருந்தது. பிரான்சின் சேன்-கலே மடத்துக் குடியானவர்களோ இன்னும் ஒருபடி மேலே போய், இரவில் கோயிலுக்குள் நுழைந்து, பீடத்துத் துணியை உருவிவிட்டு, ‘ஏன் தூங்குகிறீர்?’ என்று கேட்டுப் பீடத்தின் கல்லையே அடித்ததாக, அந்த மடத்துப் புனிதரின் அற்புதத் தொகுப்பு சொல்கிறது.

புனிதரால் வாளெடுக்க முடியாது என்பதால், அவர் சார்பில் சண்டைக்கும் நீதிமன்றத்துக்கும் போக ‘அத்வொகாத்துஸ்’ என்ற உலகியல் காப்பாளரை வைத்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் பல இடங்களில்: பதவி பரம்பரையாகி, மடத்து வருமானம் காப்பாளர் வீட்டுக்குப் போனது.

1274-இல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம், திருவுருவங்களைத் தரையில் இறக்கிக் காஞ்சொறியும் முள்ளும் போடுவதைத் தடைசெய்தது. அதற்குள் திருச்சபைச் சட்ட அறிஞர்கள், மடம் என்ற நிறுவனத்தையே சட்டத்தின் பார்வையில் ஒரு ‘கற்பனை நபர்’ ஆக்கும் கருத்தை வளர்த்திருந்தார்கள். அடிக்கவோ திட்டவோ முடியாத உடைமையாளர்!

ஆகவே ‘உலகிலேயே’ என்ற சொல்லை மட்டுமாவது இனி எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்