சும்மா கிடந்த பிட்டு

மச்சான்,

எப்படிடா இருக்க. ஹட்டன்ல மூணு நாளா மழையும் பனியும்தான், அம்மா அடுப்ப விட்டு அசையல, உன்னைய விசாரிச்சிச்சு.

என்னோட குட்டி ஸ்கிரிப்ட் லாங்குவேஜ் ஞாபகம் இருக்கா? நீதான சொல்லிக்குடுத்த, மெமரில ஒரு சாமான் எங்க இருக்குனு காட்டுற 64 பிட் பொயிண்டர்ல அட்ரஸுக்கு 48 பிட்தான் போகுது, மேல 16 பிட் சும்மா கிடக்கு, இது நம்பரா ஸ்ட்ரிங்கானு அதுல எழுதி வச்சிருன்னு. லெப்டொப்ல ரெண்டு வருஷமா நல்லாத்தான் ஓடிச்சு. போன மாசம் போன்லயும் ஓட்டிப் பாப்பமேன்னு போட்டா, ஸ்ட்ரிங்கோட மெமரிய திருப்பிக் குடுக்குற (ப்ரீ பண்ற) எடத்துல டப்புனு நின்னுருச்சு, பொயிண்டர்ல இருந்த அடையாளம் (டேக்) வெட்டுப்பட்டிருக்குன்னு லொக்ல ஒரு வரி. ரெண்டு ராத்திரி தூக்கமில்ல. பொறகு மெமரி வாங்கித் தர்ற மெலொக் குடுத்த அட்ரஸ அப்படியே பிரிண்ட் பண்ணிப் பாத்தா, உச்சி பைட்ல, அதான் மேல 8 பிட்ல, பி4னு நிக்குது, நான் வைக்கவே இல்ல!

போன்ல இருக்கற ஏஆர்எம் சிப் அட்ரஸ் பாக்கும்போது மேல 8 பிட்ட கணக்குலயே எடுக்காதுல்ல, அதனால 2020ல வந்த அண்ட்ரொயிட் 11ல இருந்து சிஸ்டமே அங்க தன் அடையாளத்த போட்டுக் குடுக்குது, ப்ரீ பண்றப்ப அது இருக்கானு பாக்குது. நான் அதுக்கு மேலயே எழுதி, துடைச்சு, வெறுமையா திருப்பிக் குடுத்திருக்கேன். அப்போட செட்டிங் பைல் மெனிபெஸ்ட்ல ஒரு வரி போட்டா அத நிப்பாட்டலாம், ஆனா எத்தன நாளைக்கு.

எங்கப்பா சொல்லுவாருல்ல, தோட்டத்து வேலைப் பதிவு செக்ரோல்ல பேர் நம்பர் 0047னு இருந்தா கணக்கப்புள்ள முதல் பூஜ்யத்து எடத்துல அரைப்பேருக்கு (அரை நாள் வேலைக்கு) ஒரு கோடு போட்டுக்குவாராம், தோட்டத்துல நம்பர் ஆயிரத்த தாண்டின மாசம் சம்பளத்தன்னிக்கு ஒரே சண்டையாம். அதேதான்டா. பழைய மெக்கின்டோஷ்லயும் இதே கதை, 68000 சிப்புக்கு 24 பிட் அட்ரஸ் போதும்னு மிச்ச 8 பிட்ல அடையாளக் குறி வச்சாங்க, பின்னால 32 பிட்டும் வேணும்னு ஆனப்ப எஸ்ஈ/30 மாதிரி மெஷின்ல உள்ளயே பதிஞ்சிருந்த ரொம் (ROM) ப்ரோக்ராமே ஒத்துழைக்கல, 8 எம்பிக்கு மேல மெமரி போட்டும் பிரயோசனமில்ல.

இப்ப நான் அட்ரஸோட கீழ் பிட்டுக்கு இறங்கிட்டேன். மெலொக் 16ஆல பிரிபடுற அட்ரஸ்தான் தருது, கடைசி 4 பிட் எப்பவும் பூஜ்யம், எனக்கு இருக்கறது 6 டைப்தான், தாராளம். மேல உள்ளத யாரும் நமக்குத் தாறேன்னு சொன்னதே இல்லையே.

உன் சர்வர் கோட்லயும், 48 பிட் தள்ளி மேல எழுதுற ஷிப்ட் எத்தன எடத்துல இருக்குனு தேடிப் பாரு. இன்டெல்ல 57 பிட் அட்ரஸ் வந்துருச்சு, கேட்டு வாங்கினாத்தான் லினக்ஸ் 47 பிட்டுக்கு மேல அட்ரஸ் குடுக்குது, அதனாலதான் உன்னோடது இன்னும் உசுரோட இருக்கு.

தீபாவளிக்கு வாறப்ப என் சார்ஜர மறக்காம கொண்டு வா.