துண்டு போட்ட டீச்சர்

அன்புள்ள மேரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பரீட்சைத்தாள் திருத்தும் வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. மூட்டு வலி தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சமையலில் உப்பு குறைந்தால் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறார்!

"இந்த வயசில் உனக்கு எதற்கடி நாடகப் பயிற்சி?" என்று கேட்டிருக்கிறாய். அடுத்த பாராவிலேயே, உங்கள் பள்ளிக்கு ஒரு நாடகக் குழு வரப்போகிறது, பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பல் வேறு. சரி, இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1991ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் கலைப்பயணம் போனோமே, நினைவிருக்கிறதா? நீ கண்மையில் மீசை வரைந்துகொண்டு குடிகாரப் புருஷனாக வருவாய். ஒரு ஊரில் பாட்டி ஒருத்தி விறுவிறுவென்று நடுவில் வந்து உன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். நாம் வசனத்தை மறந்துபோய் நின்றோம். நாடகம் கெட்டுவிட்டதே என்று அன்று ராத்திரி நீ அழுதாய்.

அந்தக் கதையைப் பயிற்சியில் சொன்னேன். பயிற்சி நடத்திய கருத்தாளர் சிரிக்கவில்லை. பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவாலைப் பற்றிச் சொன்னார். 1970களில் அவர் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது, தான் சொன்னபடி நடிகர்கள் நடிக்கவில்லை என்று ஒரு பெண் விடாமல் மறுத்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் அவளையே மேடைக்கு வந்து நடித்துக்காட்டச் சொன்னாராம். பார்ப்பவர் எழுந்து வந்து கதையை மாற்றுகிற விவாத அரங்கு அப்படித்தான் தொடங்கியது என்று போவாலே எழுதியிருக்கிறார். "உங்கள் நாடகம் கெடவில்லை டீச்சர், அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது" என்றார் கருத்தாளர். நீ முப்பது வருஷத்துக்கு மேல் லேட்டாகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி ஐந்து நாள். ஆண்டு விழாவுக்கு நாடகம் போடச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு நோட்டும் பேனாவுமாகப் போனேன். முதல் வேலையாக நோட்டையும் செருப்பையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹால் முழுக்க நடந்தோம். கை தட்டினால் நிற்க வேண்டும், மறுபடி தட்டினால் நடக்க வேண்டும். அப்புறம் கண்ணாடி விளையாட்டு. எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும், கொஞ்ச நேரத்தில் யார் முதலில் அசைகிறார் என்றே தெரியாமல் போக வேண்டும். எனக்கு ஜோடி ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டே வருஷம். நான் தலையை ஆட்டினேன், கையைத் தூக்கினேன், அவள் பாவம் பின்னாடியே வந்தாள். கருத்தாளர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க இன்னும் வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கீங்க டீச்சர்." சுருக்கென்றது. ஆனால் உண்மை.

மூன்றாம் நாள் ஒரு குழு வந்து பிள்ளைகளுக்கு நாடகம் போட்டது. உனக்கு உதவப்போவது இந்த நாள்தான். எங்களை மேடையைப் பார்க்க விடவில்லை. ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொன்னார்கள். என் பங்குக்கு வந்தது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லை போல என்று எழுதப் போனேன். தற்செயலாகக் காலைப் பார்த்தேன். ராஜா பொய் சொல்லும்போதெல்லாம் கால் விரல்கள் சுருண்டு பாயைப் பிடித்துக்கொண்டன. பொய் வெளியே வந்ததும் விரிந்தன. இத்தனை வருஷமாக முகத்தை வைத்து எத்தனை பிள்ளைகளைக் "கவனிக்கவில்லை" என்று திட்டியிருப்பேன்!

நாடகம் முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி கற்றோம்?" என்று கேட்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாய், யாருக்கு என்ன தெரிந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும், இப்படித்தான் கேட்க வேண்டும். ராஜாவாக நடித்தவரையே வேஷத்தோடு நாற்காலியில் உட்கார வைத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அவரும் ராஜாவாகவே பதில் சொன்னார். ஒரு பையன், "உங்க அம்மாகிட்டயும் பொய் சொல்லுவீங்களா?" என்றான். ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

ஊருக்குத் திரும்பினதும் ஏழாம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். டாரத்தி ஹீத்கோட் என்று ஓர் இங்கிலாந்து அம்மா. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மில் வேலைக்குப் போனவர், பிற்பாடு நியூகாசிலில் ஆசிரியர்களுக்கே நாடகம் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய வழி, டீச்சரே கதைக்குள் ஒரு ஆளாக நுழைந்துவிடுவது. அதுவும் எல்லாம் தெரிந்த ஆளாக அல்ல, பிள்ளைகளிடம் யோசனை கேட்கிற ஆளாக. நீர் மேலாண்மைப் பாடம். நான் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டேன். "இந்தத் துண்டு இருக்கிறவரைக்கும் நான் டீச்சர் இல்லை, கண்மாய் நீர்பாய்ச்சி. நீங்கள்தான் ஊர். கண்மாயில் தண்ணீர் கால்வாசிதான் கிடக்கிறது. எந்த வயலுக்கு முதலில் திறந்துவிட, சொல்லுங்கள்."

ஒரே கூச்சல். மேல்மடை, நடுமடை, கடைமடை என்று கட்சி பிரிந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன், வருகைப் பதிவுக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவான். திடீரென்று எழுந்தான். "யோவ், கடைமடைக்கு மொதல்ல விடுய்யா. தண்ணி வாய்க்கா வழியா போறப்பவே மேமடை நனைஞ்சிரும்ல!"

வகுப்பு கப்சிப். டீச்சரை "யோவ்" என்றுவிட்டானே! அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. நான் துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரிங்கய்யா, மேல்மடைக்காரர்கள் சண்டைக்கு வந்தால் யார் பதில் சொல்வது?" என்றேன். அவன் மூச்சு விட்டான். அப்புறம் இருபது நிமிஷம் அவன் பேச்சுத்தான். அவர்கள் வயல் கடைமடையில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாம் இப்படி நடந்தது என்று நினைத்துவிடாதே. அடுத்த வாரம் வேறொரு பாடத்துக்குச் செய்தேன், சந்தைக்கடை மாதிரி ஆகி, பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். இன்னொரு வருத்தமும் உண்டு. ஐந்து நாள் கற்றதை ஒரே மதியத்தில் நாற்பது ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரச் சொன்னார்கள், பவர்பாயின்ட்டும் கொடுத்தார்கள். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்ன கதைதான். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதிப் பேர் முறைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் "நாடகமும் அரங்கியலும்" என்று உயர்தரப் பரீட்சைக்கே (நம் பிளஸ் டூ மாதிரி) ஒரு பாடம் இருக்கிறது, பிள்ளைகள் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். இங்கே நமக்கு நாடகம் என்றால் இன்னும் சாட்டின் துணியும் சரிகை அட்டைக் கிரீடமும்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைத் தரையில், மேடைக்குக் கிட்டே உட்கார வை. முன்வரிசையில் சிறப்பு விருந்தினருக்கு சோபா போடுவார்கள், சண்டை போட்டாவது அதை ஓரத்துக்குத் தள்ளு. கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதே. அதில் வருகிற ஒரே ஒரு பொருளை மட்டும் முதல் நாள் காட்டி, இது யாருடையதாக இருக்கும் என்று கேட்டுவிட்டு வந்துவிடு. நாடகம் முடிந்ததும் நன்றியுரையை ஒத்திப்போட்டு, நடிகர்களை வேஷம் கலைக்காமல் அரைமணி உட்கார வைக்க முடியுமா என்று குழுவிடம் இப்போதே கேள். யாராவது ஒரு பிள்ளை எழுந்து மேடைப் பக்கம் போனால் உட்காரு என்று மட்டும் அதட்டாதே, அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்.

நாடகம் என்றைக்கு என்று தேதி தெரிந்ததும் எழுது. சனிக்கிழமையாக இருந்தால் காலை பஸ்ஸில் நானும் திருச்சிக்கு வந்துவிடுகிறேன். மேடையைப் பார்க்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கனகா