கயலின் தோணி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. பள்ளிக்கூடம் திறந்த கையோடு தைப்பூசமும் வந்துவிட்டது. இங்கே காவடிக்கு அரசு விடுமுறை உண்டு என்றாலும் எனக்கு ஓய்வு மட்டும் கிடைப்பதில்லை. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

“இணையத்தில் கூட்டாக எழுதும் ஒரு கதையில் எவனோ தன் தோணியைக் கவிழ்த்துவிட்டானாம், என் மகள் கயல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரிகிறாள், இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று கேட்டிருந்தாய். விஷயம்தான். நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தி என்பதை உன்னிடம் இவ்வளவு நாள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரோல்பிளே என்று அவள் சொல்வது இதுதான். பிடித்த ஒரு நாவலின் உலகத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கேரக்டராக நின்று, முறை வைத்து எழுதுவது. எங்கள் கதை சோழர் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் போகும் ஒரு கப்பலில் நடக்கிறது. நான் சமையல்காரக் கிழவி. டர்பனில் இருக்கும் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வணிகர். யாங்கோன் பையன் ஒருவன் சுக்கான் பிடிக்கிறான். தமிழை வீட்டில் பேசியே வளர்ந்தவன் அவன் மட்டும்தான். டர்பன் ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படித்துக்கொண்டவர். என் வீட்டிலும் சின்ன வயதில் இந்த ஊர் கிரியோல் மொழிதான் என்பது உனக்குத் தெரியும்.

கயலுக்கு நடந்ததைக் காட்மோடிங் என்பார்கள். அடுத்தவர் கேரக்டருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாமே எழுதி முடித்துவிடுவது. என் கிழவி கரண்டியை ஓங்கலாம், சுக்கான்காரன் மண்டையைக் குறிவைத்து வீசவும் செய்யலாம். அது பட்டதா, குனிந்துகொண்டானா, பட்டு மயங்கினானா என்பதெல்லாம் பையன் எழுத வேண்டியது. என் முறை கரண்டி கையை விட்டதோடு முடிந்தது. கயல் விஷயமும் அப்படித்தான். கடல் எல்லாருக்கும் பொது, அவள் குழுவில் இருக்கும் அந்த ஆள் புயலைக் கிளப்பியதில் தப்பே இல்லை. தோணி கவிழ்ந்ததா என்பதை மட்டும் அவளிடம் விட்டிருக்க வேண்டும். ஒருவேளை அவளே கவிழ்த்திருப்பாள், இன்னும் நன்றாக.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைக் கயலிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முடிவு நம் கையில் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் தப்பித்துக்கொண்டே இருந்தால் கூட எழுதுகிறவர்களுக்குச் சலித்துவிடும். ஒரு அடியும் படாத வீரனோடு யார் சண்டை போடுவார்கள்? எங்கள் பையன் ஆரம்பத்தில் எல்லாக் கத்தியையும் லாகவமாகத் தவிர்த்துக்கொண்டிருந்தான். வணிகர் ஐயா சண்டையை விட்டுவிட்டு மிளகு விலை பேசப் போய்விட்டார். அப்புறம்தான் பையன் தோளில் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டான்.

இன்னொரு தப்பு மெட்டாகேமிங். நமக்குத் தெரிந்ததை நம் கேரக்டருக்கும் தெரிந்ததாக எழுதிவிடுவது. வணிகர் தன் இடுப்பில் ஒரு ரகசிய ஓலை இருப்பதாக எழுதினார். நாங்கள் எல்லாரும் படித்தோம். ஆனால் படித்தது நான், என் கிழவி அல்ல. அவளுக்கு அது தெரிய வேண்டுமென்றால் அவர் வேட்டியை அவள் துவைக்கிற ஒரு சந்தர்ப்பமாவது வர வேண்டும். அதற்காகக் கப்பலில் மழை வரவழைத்து, துணியெல்லாம் நனைய வைத்து, நான் பட்ட பாடு தனிக் கதை. அதில்தான் ருசியே இருக்கிறது.

நம் முறையை எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டமான கலை. இரட்டைப் புலவர்களை நினைத்துக்கொள். ஒருவர் இரண்டடி எடுப்பார், மற்றவர் முடிப்பார். குளத்தில் துவைத்த துணி கைநழுவிப் போனபோது, இப்படி அடுத்தடுத்து அடித்தால் அது நம்மை விட்டுத் தப்பாதா என்று ஒருவர் கேட்டு நிறுத்த, போனால் போகட்டும், சொக்கலிங்கம் துணை இருக்கிறான் என்று மற்றவர் வேறெங்கோ கொண்டுபோய் முடித்தாரே! (எங்கள் போர்ட் லூயிஸ் கோயிலிலும் சொக்கலிங்கம்தான், மீனாட்சியோடு.) முதல் ஆள் கேள்வியும் கேட்டு பதிலும் சொல்லியிருந்தால் இரண்டாம் ஆளுக்கு அங்கே என்ன வேலை? சில குழுக்களில் ஒரு முறைக்கு இத்தனை வார்த்தையாவது எழுத வேண்டும் என்று சட்டம் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்தவர் பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கினால் மூன்று வரி போதும்.

மேரி சூ என்று கேலி செய்கிறார்கள் என்றும் கயல் அழுதாளாமே. அது 1973இல் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் அமெரிக்க ரசிகை பாலா ஸ்மித் எழுதிய கிண்டல் கதையின் நாயகி. பதினைந்தரை வயது அதிகாரி, எல்லாம் தெரிந்தவள், எல்லாருக்கும் பிடித்தவள், அவள் செத்தால் கப்பலே அழும். கயலுக்குப் பதினாறு. இந்த வயதில் அப்படி ஒருத்தியை எழுதாமல் எப்போது எழுதுவது? கேலி செய்தவர்களுக்குத்தான் மரியாதை தெரியவில்லை.

சரி, இப்போது அவள் என்ன செய்யலாம்? கதைக்குள்ளேயே பழிவாங்க வேண்டாம், அது முடிவே இல்லாமல் போகும். கதைக்கு வெளியே வந்து பேச ஒரு வழி பெரும்பாலான குழுக்களில் உண்டு. இரட்டை அடைப்புக்குறி போட்டு எழுதினால், பேசுவது ஆள்தான், கேரக்டர் இல்லை என்று அர்த்தம். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவிடம் பேசிக்கொண்டே சட்டென்று நம் பக்கம் திரும்பி ஊர்க் கதை பேசுவானே, அதே மாதிரி. “தோணி என்னுடையது, அந்த வரியை மாற்றித் தருகிறாயா?” என்று ஒரு தடவை கேட்கட்டும். அநேகமாக மாற்றித் தருவான். மறுத்தால் அவள் வேறு குழுவுக்குப் போகட்டும். போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும், கேரக்டரை ஏதாவது துறைமுகத்தில் இறக்கிவிட்டு. சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து போகிறவர்கள்தான் காட்மோடிங் செய்கிறவர்களைவிட மோசம் என்பேன்.

நான்கு நாள் பதில் வரவில்லை என்றால் உடனே கோபித்துக்கொள்ளவும் கூடாது. டர்பனில் மாலை ஆறு என்றால் இங்கே எட்டு, உன் ஊரில் ஒன்பதரை, யாங்கோனில் பத்தரை. அங்கே கரண்ட் போனால் கப்பல் நடுக்கடலில் நிற்கும். இங்கே புயல் எச்சரிக்கை வந்தாலும் அதே கதிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ தலையிட வேண்டும். யார் யாரோடு எழுதுகிறாள், அவர்களுக்கு என்ன வயது என்று கேட்டுக்கொள். காதல் காட்சி வந்தால் திரை போட்டுவிட்டு மறுநாள் காலைக்குத் தாண்டிவிடுவது நல்ல குழுக்களின் வழக்கம். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பெரியவர்கள் யாராவது குழுவை விட்டுத் தனியாக எழுதலாம் வா என்று அவளைக் கூப்பிட்டால் உன்னிடம் சொல்லச் சொல். திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள்.

எங்கள் கப்பலில் ஆள் எடுக்கிறோம். கயலைக் கேட்டுப் பார், கிழவிக்கு ஒரு பேத்தி இருந்தால் சமையலுக்கு உதவியாக இருக்கும். டிசம்பரில் சிதம்பரம் வருவதாக இருக்கிறேன். திருவாதிரைக் கூட்டத்துக்கு முன்னாலா, பின்னாலா, எது உனக்குச் சௌகரியம் என்று எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
தேவிகா