பிரசவத் தேதிக்குப் பிறகா எக்கோ? மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாய் இறப்பைக் குறைக்க இந்தத் துறை எவ்வளவு பாடுபட்டது என்பதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். ரத்தப்போக்கு, வலிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். இப்போது தாய் இறப்பு ஆய்வுக் கூட்டங்களில் இதயநோய் எவ்வளவு அடிக்கடி பேசப்படுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் முன்கதையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகளுக்கு வயது 22. முதல் பிரசவம். தாய் சேய் நல அட்டையில் அவளுடைய பிரசவத் தேதி மார்ச் 2 என்று இருக்கிறது. அதே அட்டைக்குள் செருகி வைத்திருந்த ஓ.பி. சீட்டில் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்க வரச்சொன்ன தேதி மார்ச் 11. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளின் இதயத்தைப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் கழித்துப் பார்க்கலாம் என்று அரசு மருத்துவமனை முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சந்தேகம் முதலில் வந்தது எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு. இளம் பெண், வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. "படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்குது" என்று இவள் சொன்னதும், கர்ப்பிணிக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் அனுப்பிவிடவில்லை. ஹீமோகுளோபின் 10.8 இருக்கிறது, ரத்தசோகையால் மட்டும் இவ்வளவு மூச்சு வாங்காது என்று யோசித்தார். இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி வைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெகுநேரம் கேட்டார். அப்புறம் 'மைட்ரல் வால்வு சுருக்கமாக இருக்கலாம், எக்கோ தேவை' என்று எழுதினார். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு மாதிரி இருப்பதுதான் மைட்ரல் வால்வு. அப்போது டிசம்பர் கடைசி, ஏழு மாதம் முடிந்திருந்தது. ஒரு மருத்துவர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் ஐயா? அந்தச் சீட்டோடு மருத்துவமனைக்குப் போனவளுக்குத்தான் மார்ச் 11 கிடைத்தது.

ஜனவரி முழுக்க அவள் படுத்துத் தூங்கவில்லை. "சித்தி, படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தாத்தான் விடுது" என்றாள். சுவரில் தலையணையைச் சாய்த்து வைத்து, கால் நீட்டி உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பாள். கண் அசந்தால் தலை சரியும், இருமல் வந்து எழுப்பிவிடும். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகை நீவிக்கொண்டிருப்பார். தேதியை முன்னால் போட்டுத் தரச்சொல்லி நானே போய்க் கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது.

மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்து, வாயில் நுரை தள்ள, 108 வண்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆக்சிஜன் வைத்து, நீர் இறங்க ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மருத்துவர் எக்கோ இயந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார். ஜெல் தடவி, இடது மார்பில் விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தார். திறக்கும்போது வால்வின் இதழ் முழுசாக விரியாமல் நுனி ஒட்டிக்கொண்டு வளைந்து நின்றது. அந்த வளைவை ஹாக்கி மட்டை என்பார்களாம். வால்வின் திறப்பை அளந்தார்: 0.9 சதுர சென்டிமீட்டர். சாதாரணமாக 4 முதல் 6 வரை இருக்க வேண்டியது, 1.5-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவள் மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவக் கல்லூரிக்காரர்கள்தான் அவளைக் காப்பாற்றினார்கள். நிலைமை தேறியதும் தொடை வழியாகப் பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். 36 வாரத்தில், 1.9 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒரு ரூபாய் எங்களிடம் வாங்கவில்லை. பலூன் சிகிச்சை வரைக்கும் இலவசமாகச் செய்யத் தெரிந்த அரசுக்கு, அது தேவையா என்று காட்டும் பரிசோதனையைக் காலத்தில் செய்ய முடியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் முதலில் கேட்பது இதைத்தான். இதயநோய் இருக்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்தக் கர்ப்பிணிக்கும் ஏழு நாளுக்குள் எக்கோ எடுக்கப்பட வேண்டும். இதை எழுத்துப்பூர்வமான உத்தரவாகப் போடுங்கள்.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம் என்று யாராவது கேட்கலாம். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இதயத் துடிப்பும் வேகமாகிறது. வால்வு சுருங்கியிருந்தால் அவ்வளவு ரத்தமும் அந்தச் சின்னத் துவாரத்தைத் தாண்டிப் போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. அதுவரை வயல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஏழாம் எட்டாம் மாதத்தில் திடீரென்று மூச்சுக்குத் திணறுவது அதனால்தான். சின்ன வயதில் தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து மூட்டுவலிக் காய்ச்சலும் வந்து போயிருக்கும். அது வால்வில் விட்டுப்போன வடு யாருக்கும் தெரிந்திருக்காது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 முதல் 2019 வரை இதயநோயுள்ள ஆயிரம் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கவனித்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரியவந்தது. நாம் கண்டுபிடிக்கக் கிடைக்கிற வாய்ப்பே அந்த சில மாதங்கள்தான்.

எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கித்தான் இந்த முயற்சியைத் தொடங்கினார்கள். எட்லர் அதில் பார்க்க விரும்பியதும் இதே மைட்ரல் வால்வைத்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்துப் பெண்கள் இன்னும் நோட்டில் இடம் காலியாகும் என்று காத்திருக்கிறார்கள்.

நோட்டு ஏன் நிறைந்திருக்கிறது என்றும் விசாரித்தேன். இயந்திரம் இருக்கிறது. இதய மருத்துவர் டெபுடேஷனில் வாரம் இரண்டு நாள் மட்டும் வருகிறார். அந்த இரண்டு நாளிலும் பெரும்பகுதி நேரம், குடலிறக்கம் போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு முன்னால் கேட்கிற 'ஃபிட்னஸ்' எக்கோவுக்கே போய்விடுகிறது. மூச்சுத் திணறல் எதுவும் இல்லாத பெரியவரும், உட்கார்ந்தபடியே தூங்குகிற கர்ப்பிணியும் ஒரே வரிசையில், வந்த நேரப்படி நிற்கிறார்கள். எந்த வார்டிலும் நாம் இப்படி நடத்துவதில்லையே! அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் எத்தனை பேருக்குத்தான் பார்ப்பார்? யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து யாரும் சொல்லவில்லை என்பதில்தான் கோபம்.

பார்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் எடுக்கிற எக்கோக்களில் 'இ.எஃப். (எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்) 60 சதவீதம், நார்மல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறனை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலும் அந்த எண் 60 இருக்கலாம். என் அக்கா மகளுக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. வால்வு ஒவ்வொன்றும் எப்படித் திறந்து மூடுகிறது, எக்கோவிலேயே ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் முறையில் ரத்தம் என்ன வேகத்தில் பாய்கிறது, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் எழுதாத ரிப்போர்ட் ஒரு கர்ப்பிணிக்கு உதவாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நம்பி வீட்டுக்குப் போகிறவளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வெளியே எடுத்திருக்கலாமே என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். 1,500 ரூபாய் சொன்னார்கள். லோடு ஏற்றி இறக்கும் கணவனின் சம்பாத்தியத்தில், 'பெரிய ஆஸ்பத்திரியிலேயே தேதி கொடுத்திருக்கிறார்கள், அவசரம் என்றால் அவர்களே சொல்லியிருக்க மாட்டார்களா' என்று அந்தக் குடும்பம் நினைத்ததில் என்ன தப்பு? அரசு கொடுத்த தேதியை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வீடு வீடாகப் போய் வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

முகாம்கள் நடக்கின்றன, கட்டடங்கள் திறக்கப்படுகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் சீமாங்க் மையம், அதாவது அவசரகால பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம், இருக்கிற எல்லா மருத்துவமனையிலும் எக்கோ எடுக்க மார்பில் வைக்கும் புரோப் என்ற கருவி இருக்கிறதா, அதைப் பிடிக்கத் தெரிந்த கை இருக்கிறதா என்று யாராவது ஒரு பட்டியல் எடுத்திருக்கிறார்களா? கையடக்க எக்கோ கருவி வாங்கலாம் என்றால், அதே ஒலியலைக் கருவியால் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்றும் பார்த்துவிடலாம் என்பதால் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தைக் காட்டித் தயங்குகிறார்கள். அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று உசிலம்பட்டிப் பக்கமும் சேலத்துப் பக்கமும் வேலை பார்த்த செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை. முறைப்படி பதிவு செய்து, சட்டம் சொல்கிறபடி கணக்கு வைத்து, துறையே அந்தக் கருவியைக் கொடுக்கலாம். பொது மருத்துவம் படித்த மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் வால்வு சுருக்கம் இருக்கிறதா இல்லையா என்ற முதல் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். மிச்சத்தை இதய மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு வர நாளாகும் என்பது புரிகிறது. என் முதல் கோரிக்கைக்குப் பணம் வேண்டாம். எக்கோ நோட்டில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப்பக்கம், எக்கோ நாளில் அவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம், எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் பரிசோதனை. முடியாத இடத்தில், இடமிருக்கும் அடுத்த மருத்துவமனைக்கு அன்றே பேசி வண்டி வைத்து அனுப்பும் பொறுப்பு மருத்துவமனையுடையதாக இருக்கட்டும். அந்தப் பெண்ணின் மாமியாரோ நானோ போய் நோட்டைப் பார்க்கக் கெஞ்சும்படி இருக்கக் கூடாது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் கர்ப்பிணிகளின் எக்கோ தேதிகளை, அவர்களுடைய பிரசவத் தேதிகளோடு ஒப்பிட்டு ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அனுப்பச் சொல்லி இந்த வாரமே ஒரு சுற்றறிக்கை போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வந்ததும், ஏழு நாள் உத்தரவையும் தாமதிக்காமல் பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்