ரிலீவர் வரவில்லை

அன்புள்ள பாப்பா,

நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல்.

வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். ஆபீஸ் விஷயம் என்று நினைத்தாவது திறப்பாய். அம்மா பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நான் என்ன தட்டுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள். உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று உத்தரவு. நான் எதையும் கேட்கப்போவதில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டை மீட்டிங்குக்கு முன்னாலேயே முடித்துவிடு. எட்டரைக்கு இருந்த நியூயார்க் மீட்டிங் இனிமேல் ஒன்பதரைக்கு, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், மார்ச் வரைக்கும் அப்படித்தான் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். அவர்கள் ஊரில் வெயில் குறைந்தால் என் பேரன் கதை கேட்காமல் தூங்க வேண்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நமக்கு ஒன்பதரை என்றால் அங்கே காலை பதினொன்று. அவர்கள் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நமக்குச் சாயங்காலம் ஆறரை. நீதானே இப்போது மேனேஜர், ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் என்ன? ரயிலுக்கே டைம்டேபிள் மாற்றுகிறார்கள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை பரவாயில்லை. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்துக்கு வாக்கிங் வருகிற பழைய ஆட்கள் அத்தனை பேரிடமும் நீ மேனேஜர் ஆன விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. சிலரிடம் இரண்டு தடவை. 22 பேர் என் மகளுக்குக் கீழே என்று சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்டவள் தீபாவளிக்கு வந்த இரண்டு நாளும் மச்சுப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா செய்த முந்திரிக்கொத்து இன்னும் டப்பாவில் இருக்கிறது. சொதிக்கு என்று தேங்காய்ப்பால் பிழிந்து வைத்தாளே, உனக்காகத்தான். நீ அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன், நீ உன் டீமில் ஒரு பையன் செய்த வேலையை முதலிலிருந்து திரும்பச் செய்துகொண்டிருந்தாய். “நானே செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிரும்பா” என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன், ஆனால் தூக்கம் வரவில்லை. அதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொன்னது உனக்குத் தெரியாது.

1996இல் எனக்கு ரயில்வேயில் ஸ்டேஷன் சூப்பிரண்டென்ட் பதவி வந்தது. அதுவரை தோளில் கை போட்டு டீ குடித்தவர்கள் எல்லாம் மறுநாள் காலையில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுதுகிற டிரெயின் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேனாவை வாங்கி நானே எழுதுவேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னைவிட வயதில் மூத்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், “சார், இப்ப டூட்டி என் பேர்ல இருக்கு, பேனாவைக் கொடுங்க” என்றார். எனக்கு என்ன கோபம் தெரியுமா! இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னதில் இருந்த நியாயம் ரிட்டயர் ஆன பிறகுதான் உறைத்தது. நான் எழுதிக் கொடுக்கக் கொடுக்க அந்த ஸ்டேஷனில் யாருக்கும் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, நான் லீவு போட்டால் ஸ்டேஷன் நின்றுவிடும் என்று நானே நம்பவும் ஆரம்பித்தேன்.

டோக்கன் ஞாபகம் இருக்கிறதா? மீட்டர் கேஜ் காலத்தில் பிரம்பு வளையம், அதில் ஒரு தோல்பை, பைக்குள் இரும்புப் பந்து. நீ வளையத்தை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உதை வாங்கினாயே. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் மெஷினிலிருந்து வெளியே வரும், அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். வண்டி வந்து சேர்ந்ததும் அதை இறக்கிக் கொடுத்து மெஷினில் போட்டால்தான் அடுத்த வண்டிக்கு வழி. ஒரு டிரைவர் கொடுக்க மறந்து அப்படியே கொண்டுபோய்விட்டார், அந்தப் பந்து திரும்பி வரும்வரை அந்த செக்ஷனில் அடுத்த வண்டி நகரவில்லை. நீ தினமும் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டேதான் வீட்டுக்கு வருகிறாய். அந்தப் பையன் வேலையை அந்தப் பையனே செய்யட்டும், தப்பாகச் செய்தாலும் சரி. நீ சாப்பிடு. மீட்டிங்குக்கு முன்னால்.

அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது அதே வருஷம்தான். நீ ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். நான் வந்து சேரும்போது சாயங்காலம் நாலு மணி. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ரிலீவர் வரல” என்றேன், என்னை மாற்றிவிட அடுத்த டூட்டி ஆள் வரவில்லை என்று. அதற்குப் பிறகு நம் வீட்டில் அது வசனமாகவே ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு லேட்டாக வந்தால் உன் சித்தப்பாகூட அதைத்தான் சொல்வார், எல்லாரும் சிரிப்பீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ரிலீவர் வந்திருந்தார், பாப்பா. காலை எட்டு மணிக்கு டாண் என்று வந்து, கையெழுத்துப் போட்டு சார்ஜ் எடுத்துக்கொண்டு, “நீங்க கிளம்புங்க சார், மதினிக்கு இன்னைக்குத்தானே” என்றுகூடச் சொன்னார். நான்தான் கிளம்பவில்லை. ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்று ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வாரம்தான். ஸ்டேஷனில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று நான் என்ன செய்வேன்? உன்னிடம் என்ன பேசுவேன்? அங்கே வர எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். 1974 ரயில்வே ஸ்ட்ரைக்கில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்பதும் ஒரு கோரிக்கை என்று சீனியர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, யூனியன் கூட்டத்தில் தொண்டை கட்டக் கோஷம் போட்டவன் நான். எட்டு மணி நேரம் முடிந்ததும் போக இடம் இல்லாதவன் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை. அந்த வசனத்தில் பாதிக்குமேல் பொய்தான்.

29 வருஷமாக இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றும் ஒரு சந்தேகம். அந்த ரிலீவர் சம்சாரத்தோடு வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவள் அவள்.

தீபாவளிக்கு நீயும் குட்டிப்பயலும் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். தீபாவளிக்குக்கூடவா லீவு இல்லை என்று அம்மா ஆரம்பித்தாள், நான்தான் அதட்டினேன். குட்டிப்பயல் அன்று ராத்திரி ஆச்சியிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் ஏதாவது சொல்லும். அதை விடு. நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முன்பு மாதிரி 120 நாள் இல்லை, இப்போது 60 நாள்தான் என்பதால் காலையில் எட்டு மணிக்கே உட்கார்ந்து தட்டினேன், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெங்களூரில் ஏறினால் காலையில் நெல்லை. குட்டிப்பயலுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது, பெர்த் வேண்டுமானால் முழு டிக்கெட்தான், அதனால் மூன்றும் முழு டிக்கெட். இரண்டு லோயர், ஒரு மிடில். அன்றைக்கு மீட்டிங் இருந்தால் இப்போதே அந்தப் பையனிடம் கொடுத்துப் பழக்கு.

மூன்றில் ஒன்றை ரத்து செய்ய வேண்டியிருந்தால் ஒரு மெசேஜ் போடு. காரணம் எழுத வேண்டாம். வண்டி கிளம்ப நாள் இருக்கும்போதே சொன்னால் பிடித்தம் குறைவு. ரத்து செய்ய வேண்டாம் என்றால் மாப்பிள்ளை நம்பரிலிருந்து ஒரு ஃபோன், அவரே பேசட்டும், சும்மா மழையைப் பற்றிப் பேசினாலும் போதும்.

எப்படி வந்தாலும் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். ஆட்டோ பிடிக்காதே.

அம்மா வந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்கிறாள்.

அப்பா